ரோபோவை யார் தொடுவது?

(இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரோபோவைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரு ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். பொறியியல் கல்லூரியில் நான் படித்தது மின்னணுவியல். ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு மேசை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நோட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. கருவியைத் தொடும் வேலை மற்ற மூவருக்கு. என்னைத் தொடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நாலு வருடமும் அப்படியே போயிற்று. அவர்கள் வீடுகளில் பொறியாளர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய பிறகுதான் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தேன். இதைத் தற்செயல் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிறு தோறும் எங்கள் காலனி மாலை வகுப்பில் பிள்ளைகளுடன் உட்காருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ரோபோ. இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், ஓர் ஆர்டுயினோ பலகை, பேட்டரி. எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குள் முடிந்தது.

ஒரு நாள் சதுரம் வரையச் சொன்னோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கட்டளை எழுதினாள். முன்னே போ, 90 பாகை திரும்பு. இதை நாலு முறை செய். ரோபோ கிளம்பிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அவள் உடனே எழுந்து, பக்கத்திலிருந்த பையனைக் காட்டினாள். "நான் தப்பா பண்ணிட்டேன்க்கா. அவனையே பண்ணச் சொல்லுங்க."

எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. "நீயே உட்காரு. எந்த இடத்துல கோணிச்சுன்னு பாப்போம்" என்றேன். ரோபோ போன வழியைச் சாக்பீஸால் கோடு போட்டோம். நாலு பக்கமும் ஒரே அளவு. அதில் பிழை இல்லை. பாகைமானியை வைத்துத் திருப்பங்களை அளந்தாள். 90 என்று சொன்னால் 80தான் திரும்புகிறது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் சக்கரம் வழுக்குகிறது. நாலு முறை 80 என்றால் 320. முழுச் சுற்றுக்கு 40 குறைகிறது. கட்டளையை 100 ஆக்கினாள். கிட்டத்தட்ட வந்தது. 101 போட்டாள். சதுரம் மூடியது. பிறகு ரோபோவை வாசலில் சொரசொரப்பான தரையில் விட்டோம். மறுபடியும் கோணிக்கொண்டது. "தரை மாறினா எண்ணும் மாறணும்க்கா" என்றாள். அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணிமைச் சிந்தனை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இதைத்தான். பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக உடைப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது, தேவையில்லாததை ஒதுக்குவது, படிப்படியாக வழி எழுதுவது, பிழை எங்கே என்று தேடித் திருத்துவது. கணினி அறிவியலாளர்களுக்கு மட்டுமல்ல, எழுதப் படிக்கத் தெரிவதுபோல இது எல்லோருக்கும் வேண்டிய திறன் என்று ஜீனெட் விங் 2006இல் எழுதினார். அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன்னோடி சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே நிறவெறியை எதிர்த்து நின்றவர். வாலஸ் ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967இல் லோகோ என்ற நிரல்மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து கோடு வரைந்த ரோபோவுக்கு ஆமை என்று பெயர். குழந்தையைக் கணினி இயக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை இயக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

எங்கள் பிள்ளைகளும் முக்கோணத்தில் மாட்டிக்கொண்டார்கள். மூலைக்கு 60 பாகை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 60 போட்டால் முக்கோணம் வரவில்லை. ஒரு பையனை ரோபோவாக நடக்க விட்டோம். மூலையில் நின்று உடம்பைத் திருப்பியபோது அவனுக்கே தெரிந்துவிட்டது. திரும்ப வேண்டியது 60 இல்லை, 120. அவன் உடம்புதான் அவனுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தது.

இங்கே சிலர் கேட்பீர்கள்: கையால் செய்து கற்பது என்கிறீர்களே, இது குலக்கல்வி இல்லையா? நியாயமான கேள்வி. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிடர் இயக்கமும் கொந்தளித்து எழுந்தார்கள். 1954இல் இராஜாஜி விலகினார், காமராசர் அதைக் கைவிட்டார். அந்தத் திட்டம் கையை வளர்க்க வந்ததல்ல. யார் கை, யார் மூளை என்பதைப் பிறப்பில் முடிவு செய்ய வந்தது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்கியது என்று அம்பேத்கர் காட்டினார். ரோபோ வகுப்பில் அந்த அடுக்கு கலைய முடியும். யோசித்த பிள்ளையே திருகாணியையும் முடுக்குகிறது.

முடியும் என்றுதான் சொல்கிறேன். தானாகக் கலையும் என்று சொல்லவில்லை. நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய திட்டத்தில் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்தது. நான் போன ஒரு பள்ளியில் ரோபோக்கள் கண்ணாடிப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. அதிகாரிகள் வரும் நாளில் வெளியே வரும். நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகள் இயக்கிக் காட்டுவார்கள். அன்று அறையைப் பெருக்கி நாற்காலி போட்ட பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிவியலும் இதையே எச்சரிக்கிறது. 1984இல் ராய் பீ, மிடியன் குர்லண்டு ஆகியோர் லோகோ கற்ற குழந்தைகளை ஆய்ந்தார்கள். நிரல் எழுதியதால் மட்டுமே மற்ற வேலைகளில் திட்டமிடும் திறன் கூடிவிடவில்லை என்று கண்டார்கள். கருவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் போதாது. ஏன் இப்படிச் செய்தாய், வேறு எங்கே இது உதவும் என்று உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பையன் கேட்டான். "சாக்கடைக்குள்ள இறங்குற ரோபோ இருக்காக்கா?" அவன் சித்தப்பா அந்த வேலைக்குப் போகிறவர். இருக்கிறது என்றேன். பேண்டிகூட் என்ற அந்த இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. "அப்ப ஏன் சித்தப்பா இறங்குறாரு?"

அந்தக் கேள்வியையும் பலகையில் துண்டு துண்டாக உடைத்தோம். இயந்திரம் இருக்கிறது. மனிதர்களைப் பாதுகாப்பின்றிக் குழிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அப்படியானால் பிழை எந்தப் படியில்? பிள்ளைகள் சொன்னார்கள்: இயந்திரத்தை வாங்குவதைவிட எங்க தெருவில் ஆள் பிடிப்பது மலிவு. சக்கரம் வழுக்குவது ஒரு பிழை. இது பிழை அல்ல, சிலருக்கு லாபம். இதை ரோபோ திருத்தாது, நாம்தான் திருத்த வேண்டும். ஆனால் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடும் பழக்கம் அந்தப் பையனுக்கு வந்துவிட்டது.

தோழர்களே, உங்களிடம் நான் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ரோபோ இல்லாவிட்டால் சாக்பீஸ் போதும், ஒரு பிள்ளை ரோபோவாக நடக்கட்டும். மூன்று விதிகளை மட்டும் விடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற வேண்டும். நோட்டு எழுதுகிறவர், கருவியைத் தொடுகிறவர் என்று நிலையான வேலை யாருக்கும் கிடையாது. பெருக்குவதும் முறை வைத்து, எல்லோரும். பிழை வந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள், படியின் எண்ணைச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் ஐந்துமுனை நட்சத்திரம் வரைய முயன்றாள். வரவில்லை. ரோபோவைப் பையனிடம் கொடுக்கவில்லை. "இருடா, மூணாவது படி சரியில்ல" என்றாள்.