நீச்சல் குளத்திற்கு ஏற்ற பம்பு



காவிரி நீர் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது 1974-ஆம் ஆண்டில். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய்வழியே வந்து, சுமார் 500 மீட்டர் உயரமும் ஏறுகிறது அந்நீர். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்ற, சேதமே இல்லையென்று கொண்டாலும், 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். 45,000 லிட்டர் கொள்ளும் வீட்டுக் குளம் ஒன்றுக்கு 61 யூனிட்! 2024 மார்ச்சில் நீர்ப்பஞ்சம் வாட்டியபோது, குடிநீரை நீச்சல் குளங்களுக்குப் பயன்படுத்தலாகாதென நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்ததில் வியப்பில்லை. ஆகவே, ஒருமுறை நிரப்பிய நீரை வடிகட்டிப் பல நாள் காத்தல் வேண்டும். அது பம்பின் வேலை.

பம்பு என்றதும் குதிரைசக்தி மிகுந்ததே மேலானது என்று எண்ணுகிறோம். கிணற்றையும் மாடித் தொட்டியையும் கண்டு பழகியவர்கள் அல்லவா நாம்! ஆனால் மாடிக்கு நீர் அனுப்புவது ஏற்றம் இறைப்பது போன்றது. உயரத்தை வென்றே தீரவேண்டும். குளத்துப் பம்போ செக்கு மாட்டைப் போன்றது. நீர் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. குழாயிலும் வடிகட்டியிலும் உண்டாகும் உராய்வைத் தவிர அதற்கு வேறு பகை இல்லை.

இங்கேதான் வியப்பான கணக்கு ஒன்று இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டமும் பாதியாகும். மின்சாரத் தேவையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிலோவாட் வாங்கும் பம்பு மணிக்கு 11,250 லிட்டர் சுற்றுமாயின், நம் குளத்தை 4 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவிடும். செலவு 4 யூனிட். அதே பம்பு பாதி வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால், ஏட்டுக் கணக்கில் 1 யூனிட் போதும். மோட்டாரின் சேதத்தால் இது சற்றுக் கூடலாம். எனினும் மிச்சம் பெரிது.

எனவே வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பம்பையே நாம் கேட்டு வாங்கவேண்டும். விலை கூடுதல்தான். நாள்தோறும் ஓடும் பொறிக்கு அவ்விலை மின் கட்டணத்திலேயே திரும்பி வரும். ஆண்டில் சில வாரங்களே குளத்தைத் திறப்போர் யோசித்தே வாங்கலாம். மணல் வடிகட்டியை எதிரோட்டத்தில் கழுவும்போது முழு வேகம் தேவை. கழுவியதும் வேகத்தைக் குறைக்க மறத்தலாகாது. குறுகிய குழாயும் அடிக்கடி வளைவும் இருந்தால் உராய்வு மிகும். பம்பு வாங்குமுன் பழைய குழாயை ஒருமுறை பாருங்கள். புதிய பம்பை ஓட்டிய முதல் நாள், காலையும் மாலையும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.