பந்தும் மொழியும்



தூத்துக்குடியில் ஒரு தாய் தன் பிள்ளையிடம், "மேசைமேல் இருக்கும் சாவியை எடுத்து வா, அலமாரியைத் திறப்போம்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேசை, சாவி, அலமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தனர். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். ஆண்டோர் அகன்றனர், சொற்கள் தங்கிவிட்டன. நம் முன்னோர் இவற்றை இலக்கணம் படித்தா கற்றனர்? பொருள் கைக்கு வந்தது. பெயரும் உடன் வந்தது.

1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையாரின் முறையும் இதற்கு அணித்தானதே. முதலில், "இது பந்து" என்று காட்டுவர். அடுத்து, "பந்து எது?" என்பர்; குழந்தை தொட்டுக் காட்டினால் போதும். மூன்றாவதாகவே, "இது என்ன?" என்று கேட்பர். பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். வகுப்பறையிலோ மறந்தேன்.

பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்தவன் நான். மாணவன் பிழைபடப் பேசினால் பாதியிலேயே நிறுத்தித் திருத்துவேன். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் ஆண்டுத் தொடக்கத்தில் துணிந்து பேசினான். திருத்தத் திருத்த அவன் பேச்சுக் குறைந்தது. ஆண்டிறுதியில் வாய் திறப்பதே இல்லை. அடக்கமான பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

அண்மையில் என் மருமகனுக்கு ஸ்பெயின் நாட்டில் வேலை கிடைத்தது. மகளும் இரண்டரை வயதுப் பேத்தியும் புறப்படுமுன் இரண்டு மாதம் என்னுடன் தங்கினர். ஸ்பானிய மொழி கற்றிருந்த மகளிடம், "குழந்தைக்குச் சொற்பட்டியல் எழுதித் தரட்டுமா?" என்றேன். "ஒரு பந்து வாங்கி வாருங்கள் அப்பா, போதும்" என்றாள்.

பந்தை ஒளித்துவைத்து, "தோந்தே எஸ்தா?" என்பாள், எங்கே இருக்கிறது என்று பொருள். குழந்தை கண்டெடுத்து, "அக்கீ!" என்று கூவும், அதாவது, இங்கே! அம்மொழியில் மேசை 'மேசா', அலமாரி 'அர்மாரியோ'. ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் இலத்தீன் பெற்ற உடன்பிறப்புகள் அல்லவா?

குழந்தை 'மாரியோ' என்றது. திருத்துவதற்கு என் நா துடித்தது. மகளோ, "ஆம், அர்மாரியோ" என்று மலர்ந்த முகத்துடன் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தாள். சில நாளில் முழுச் சொல்லும் தானே வந்தது. ஒருநாள் நான் பந்தை வேறிடத்தில் தேடியபோது, "அக்கீ, தாத்தா!" என்று பேத்தி என் கையைப் பற்றி இழுத்தாள். அப்பொழுது அந்தப் பழைய மாணவன் என் கண்முன் வந்து நின்றான். அவன் அடங்கியிருக்கவில்லை, அஞ்சியிருந்தான்.

உங்கள் இல்லங்களிலும் தம்பி தங்கையர் இருப்பர். எம்மொழி கற்பித்தாலும் நாளும் பத்து நிமிடம் விளையாடுங்கள். குழந்தை சலித்தால் நிறுத்துங்கள். தவறு செய்தால் நகையாதீர்கள். சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னாலே போதும். வீட்டில் தாய்மொழிப் பேச்சும் குறையாதிருக்கட்டும். பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். போன துணிவை மீட்டுத் தருதல் எளிதன்று.