பழைய வண்டியும் புதிய உறுப்பும்



என் தந்தையார் 1961ஆம் ஆண்டில் வாங்கிய துவிச்சக்கரவண்டி இன்றும் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கின்றது. இங்கிலாந்திலே செய்யப்பட்ட உருக்குச் சட்டமும் 28 அங்குலச் சில்லுகளும் கொண்ட வண்டி அது. அவர் காலத்து உறுப்புகளாக இன்று அதில் எஞ்சியிருப்பவை சட்டமும் முன்கவையும் மட்காட்டுகளுமே. ஏனையவெல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. பழைய வண்டி ஒன்றைப் புதுப்பிக்க விரும்புவோர் எந்த உறுப்பை முதலில் மாற்றவேண்டும், எதைப் பின்னுக்கு வைக்கவேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருளென எண்ணவேண்டாம். அவ்வொழுங்கைத் தவறவிட்டதன் பயனை நான் என் உடம்பிலேயே அனுபவித்தவன்.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, எரிபொருளும் அரிதாயிற்று. அக்காலத்தில் நோயாளியைச் சுமந்ததும் விறகைச் சுமந்ததும் சைக்கிளே. வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டவர்களுள் நானும் ஒருவன். புதிய உதிரிகள் கிடைப்பது அரிதாகையால், எவ்வுறுப்பு இன்றியமையாததோ அதையே தேடித் திருத்தினோம். வறுமை எமக்கு நல்லொழுங்கு ஒன்றைக் கற்பித்திருந்தது.

2002ஆம் ஆண்டிற் கண்டி வீதி திறந்தது. கடைகளிற் பொருள்கள் நிறைந்தன. அப்போது நான் ஆசிரியன். கையிற் சம்பளப் பணம் இருந்தது. பளபளக்கும் முன்விளக்கும் புதிய இருக்கையும் நிறம் பொருந்திய கைபிடி உறைகளும் வாங்கிப் பூட்டினேன். தேய்ந்து போயிருந்த பிறேக் கட்டைகளை மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாமென விட்டுவிட்டேன். கார்த்திகை மழையில் ஒரு நாள் மதகு இறக்கத்தில் வந்துகொண்டிருக்கையிற் சிறுபிள்ளை ஒன்று குறுக்கே ஓடியது. பிறேக்கை இறுகப் பிடித்தேன்; வண்டி நிற்கவில்லை. வேலிக்குள் திருப்பி விழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, என் மணிக்கட்டு முறிந்தது. வண்டியைத் திருத்தியவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், ஓட வைக்கிறதுக்கு முதல் நிக்க வைக்கவேணும்" என்றார். அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. கூற என்ன இருந்தது?

ஆதலின் முதலிடம் பிறேக்குக்கே உரியது. பழைய வண்டிகளின் சில்லு வளையம் உருக்கினாலானது. நனைந்த உருக்கிலே றப்பர்க் கட்டை வழுக்கும். அலுமினிய வளையத்தில் அவ்வளவு வழுக்குவதில்லை. ஆனால் வளையத்தை மட்டும் மாற்றி அமைந்துவிட முடியாது. கம்பிப் பிறேக்கின் கட்டைகள் வளையத்தின் உட்புறத்தை அழுத்துபவை. கேபிள் பிறேக்கின் கட்டைகள் பக்கங்களைப் பிடிப்பவை. எனவே வளையமும் பிறேக்கும் ஒருங்கே மாறவேண்டும். மேலும், 28 அங்குலம் என்ற ஒரே பெயரில் இரு அளவுகள் வழங்குகின்றன. ரயர் அமரும் விட்டம் ஒன்றில் 635 மில்லிமீற்றர், மற்றதில் 622 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றதிற் பொருந்தாது. அளவை வாசித்தறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அவ்வளவு செலவு இயலாதவர் புதிய கட்டைகளையேனும் பூட்டி, மழையில் மெதுவாகச் செல்வாராக.

இரண்டாவது, ரயரும் சங்கிலியும். ரயரின் பக்கத்தில் வெடிப்புக் கண்டால் அதன் காலம் முடிந்தது என்க. சங்கிலியின் தேய்வை அறிய அடிக்கோல் ஒன்றே போதும். ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தை வைத்தால், பன்னிரண்டாம் அங்குலக் கோடு மற்றோர் ஆணியின் நடுவில் விழவேண்டும். அந்த ஆணி அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருப்பின் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை பொறுத்திருந்தால், பல்வட்டங்களும் தேய்ந்து செலவு பெருகும்.

மூன்றாவதே வேகமும் இலகுவும். கியர் பூட்ட விரும்புவோர் அதற்குமுன் மலிவான வழியொன்றை எண்ணிப்பார்க்கலாம். முன்வட்டத்தில் 48 பல்லும் பின்னே பிறீவீலில் 18 பல்லும் இருப்பின், பெடல் ஒருமுறை சுழல வண்டி ஏறக்குறைய 19½ அடி செல்லும். 20 பல் பிறீவீலைப் பூட்டினால் ஏறக்குறைய 17½ அடி செல்லும். தூரம் குறைகின்ற அளவுக்கு மிதிக்கும் பாரமும் பத்தில் ஒரு பங்கு குறைகின்றது. எதிர்க்காற்றிற் செல்லும் முதியவருக்கு இது பெரும் உதவியன்றோ?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெடல் அச்சுத் தங்கும் குழலின் புரி, ஆங்கில வண்டிகளிற் பொதுவாக அங்குலத்துக்கு 24. றலி நிறுவனத்தின் பழைய வண்டிகள் பலவற்றிலோ அது 26. பொருந்தாத புரியை வலிந்து முறுக்கினால், உறுப்பைக் காக்கப் போய்ச் சட்டத்தையே இழப்போம். சட்டம் போனபின் எதைப் புதுப்பிப்பது?

சென்ற ஆண்டில் என் மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் வண்டியுடன் வந்து, "சேர், இதுக்குக் கியர் பூட்டலாமோ?" என்று கேட்டான். மழைத்தூறல் விழுந்துகொண்டிருந்தது. மைதானத்தை ஒருமுறை சுற்றி வந்து, நான் நிற்கும் கோட்டில் நிறுத்திக் காட்டுமாறு கூறினேன். கோட்டைத் தாண்டி நெடுந்தூரம் போய்த்தான் நின்றான். திரும்பி வந்தவன் கியரைப் பற்றிப் பேசவில்லை. பிறேக் கட்டை என்ன விலையென்று கேட்டான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நிற்கலாம். அதிலேறி நாளைக் காலையில் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகலாம். புறப்படுமுன் அந்தப் பிறேக்கை ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.