பரணில் இருக்கும் ரயில்



தாத்தா காலத்துப் பொம்மை ரயில் பரணில் இருக்கிறது. பேரன் கேட்கிறான். கொடுத்தால் உடையுமே என்று நமக்குப் பயம்.

நிஜ ரயில் ஒன்றைப் பாருங்கள். 1855-இல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சின் நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் பணிமனையில் செப்பனிட்டார்கள். 2010-இல் மீண்டும் ஓடியது. தினமும் அல்ல, சுதந்திர தினம் போன்ற நாட்களில், கொஞ்ச தூரம் மட்டும்.

காஞ்சிபுரத்து வீடுகளுக்கும் இது தெரியும். கல்யாணப் பட்டை ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அவ்வப்போது உடுத்தி, மடிப்பை மாற்றி வைக்கிறோம்.

தாலந்து உவமையில் தலைவர் கடிந்துகொண்டது பயந்து புதைத்தவனைத்தான்.

ரயிலை இறக்குங்கள். பேரனோடு தரையில் உட்கார்ந்து, பக்குவமாகக் கையாளச் சொல்லிக்கொடுத்து ஓட்டுங்கள். நமக்குப் பிறகு அதைக் காக்கப்போகிறவன் அவனே.