கை காட்டுபவரின் சொல்லே கடைசிச் சொல்

(வட்டுக்கோட்டையில் வீதி வேலைக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளர் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலைநாட்டு றோட்டில் வளைவு வந்தால் றைவர்மார் ஹோர்ன் அடிப்பார்கள். இங்கே நிலம் தட்டையாக இருக்கிறபடியால் அந்தப் பயம் விட்டுப்போகிறது. ஆனால் ஒழுங்கைகள் ஒடுக்கம். இரண்டு பக்கமும் வேலி. தூசி எழும்பினால் முன்னுக்கு நிற்கிற ரோலரே தெரியாது.

டிப்பர் பின்னுக்கு எடுக்கும்போது நேர் பின்னால் நிற்பது கண்ணாடியில் விழாது. பெக்கோ சுழலும்போது அதன் பின்பக்கமும் சேர்ந்து சுழலும். 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். றைவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும்.

1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள், ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று உள்ளே இருந்த பொறியியலாளர் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டார். மூத்த விமானி அதைப் பொருட்படுத்தவில்லை.

நம்மட வேலைத்தளத்திலும் இதுதானே நடக்கிறது? கை காட்டுகிற வேலையைச் சின்னப் பெடியனிடம் கொடுக்கிறோம். அவன் “நில்லுங்கண்ணே” என்றால், லோட் கணக்குக்கு ஓடுகிற றைவர் நிற்பாரா? ஆகவே அந்த வேலைக்கு அனுபவமுள்ள ஒருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். யாராக இருந்தாலும், அவர் கை உயர்ந்தால் எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும்.

இன்னும் சில விடயங்கள். காலையில் வேலை தொடங்க முன்னம் எந்த வாகனம் எந்தப் பக்கத்தால் வரும், எந்தப் பக்கத்தால் போகும் என்று பேசி முடிவெடுங்கள். போக ஒரு வழி, வர ஒரு வழி என்றால் மிக நல்லது. பெக்கோ சுழலும் வட்டத்துக்குள் வேறு வாகனம் போகக் கூடாது. போக வேண்டுமென்றால் பெக்கோ றைவர் வாளியை நிலத்தில் இறக்கிவிட்டுக் கைகாட்டும் வரை பொறுங்கள். தூசிக்குத் தண்ணீர் தெளியுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது அடிக்கிற மணி பழுதென்றால் அந்த வாகனத்தை எடுக்க வேண்டாம்.

காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த நட்டஈடும் போன காலைத் திருப்பித் தராது. ஒரு லோட் குறைந்தால் நாளைக்கு ஓடலாம். வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது உங்களைத்தான்.