மேசைவிரிப்பில் பொறித்த 830 பெயர்கள்



சகோதர நகர உறவு என்றாலே மேயர்கள் கைகுலுக்கும் புகைப்படமும் பொன்னாடையும்தான் பலர் நினைவுக்கு வரும். அது பிறந்த விதமோ வேறு. 1940 நவம்பர் 14 இரவு, இங்கிலாந்தின் தொழில் நகரமான கொவென்ட்ரி மீது ஜெர்மானிய விமானங்கள் விடிய விடியக் குண்டு வீசின. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புனித மைக்கேல் பேராலயம் எரிந்து, கோபுரமும் வெளிச்சுவர்களுமே எஞ்சின. ஈராண்டுகளுக்குப் பிறகு, வோல்கா நதிக்கரையில் ஸ்டாலின்கிராட் தெருத்தெருவாக இடிந்துகொண்டிருக்கும் செய்தி வந்தது. அந்த வேதனையைக் கொவென்ட்ரிக்காரர்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வூர்ப் பெண்கள் 830 பேர் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் பொறித்து, ஆளுக்கு ஆறு பென்னியும் சேர்த்து ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினர். கூட்டிப் பார்த்தால் இருபது பவுனுக்குச் சற்று அதிகம். பிரிட்டனில் உணவும் துணியும் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. 1944இல், போர் முடியும் முன்பே, இரு நகரங்களும் உறவு பூண்டன.

அந்த விரிப்பை இன்றும் வோல்கோகிராட் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. ஸ்டாலின்கிராடின் இன்றைய பெயர் அதுவே.

துயரத்தில் கூட்டாளியான ஊரோடு கைகோப்பது இயல்பு. கொவென்ட்ரி அதையும் தாண்டிச் சென்றது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டனை எரித்தபோது ஏறக்குறைய 25,000 பேர் இறந்தனர். குண்டு வீசிய நாட்டின் நகரம் ஒன்று, குண்டு விழுந்த நகரத்தோடு 1950களில் உறவுக்கு முன்வந்தது. 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், இடிந்து கிடந்த டயகோனிசன் மருத்துவமனையைக் கட்டியெழுப்பும் வேலையில் இறங்கினர். அப்போது டிரெஸ்டன் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. பெர்லின் சுவர் எழுந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளியுறவுத் துறைகள் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இளைஞர்கள் செங்கல் சுமந்தார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேடுவது கடினம்.

இந்த உறவுகள் முறிவதும் உண்டு. அதை இக்கருத்தரங்கு தயங்காமல் பேச வேண்டும். ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களின் நினைவாகச் சான்பிரான்சிஸ்கோவில் சிலை எழுந்தது. அதை எதிர்த்து, சான்பிரான்சிஸ்கோவுடன் 1957 முதல் நீடித்த உறவை 2018இல் ஜப்பானின் ஒசாகா நகர மேயர் துண்டித்தார். மக்களுக்கிடையே உள்ள உறவை ஒரு மேயர் தனியாக முறித்துவிட முடியாது என்பதே சான்பிரான்சிஸ்கோ மேயரின் பதிலின் சாரம். 2022 மார்ச்சில், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பின், கொவென்ட்ரியே வோல்கோகிராட் உறவை நிறுத்தி வைத்தது. படையெடுப்பைக் கண்டிக்க ஒரு நகர மன்றத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மேசைவிரிப்பில் பெயர் பொறித்தவர்கள் எந்த அரசின் சார்பிலும் அதைச் செய்யவில்லை. ஆகவே அரசின் குற்றத்துக்காக ஊரோடு உள்ள தொடர்பை அறுப்பது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சென்னைக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. அதே வோல்கோகிராட் 1960களிலேயே சென்னையின் சகோதர நகரமானது. 1984இல் டென்வரும், 2008இல் சான் அன்டோனியோவும் சேர்ந்தன. டென்வரின் முதல் உறவு 1948இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரோடு அமைந்தது. போரில் சிதைந்த பிரெஸ்டைக் கண்டு திரும்பிய ஒரு பள்ளி ஆசிரியை தூண்டியதால், டென்வர் மாணவர்கள் அங்குள்ள மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்காகக் காசு திரட்டினார்கள். ஆக, சென்னையின் சகோதர நகரங்களில் இரண்டு, சாதாரண மக்கள் சேர்த்த சில்லறையிலிருந்து இந்த மரபுக்குள் வந்தவை. இந்த வரலாறு சென்னைப் பள்ளிகளில் சொல்லித்தரப்பட வேண்டியது.

இங்கே கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் தலைமை வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். ஒப்பந்த நகலோடு நின்றுவிட வேண்டாம். மாநகராட்சி மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், மாணவர் பரிமாற்றக் கடிதங்கள், மருத்துவமனை நன்கொடைப் பதிவேடுகள், வந்துபோன கலைக்குழுக்களின் நிகழ்ச்சி நிரல்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். பயணம் போனவர்கள், விருந்தினரை வீட்டில் தங்க வைத்தவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளை இப்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த உறவில் மக்கள் கைவேலை இருந்தது, எது கையெழுத்தோடு நின்றது என்று பிரித்துக் காட்ட அந்தச் சான்றுகள்தான் உதவும். போருக்குப் பிந்தைய ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.