பனிக்குள் பூத்த பாதாம்

1888 பிப்ரவரியில் ஓவியர் வின்சென்ட் வான்கோ பாரிஸை விட்டு, தெற்கு பிரான்சில் உள்ள ஆர்ல் என்ற ஊருக்கு ரயிலேறினார். வெயிலைத் தேடிப் போனவரை வரவேற்றது பனி. ஆனால் அந்தக் குளிரிலேயே பாதாம் மரங்கள் மொட்டு விட்டிருந்தன. இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும் மரம் அது. ஒரு சிறு கிளையை ஒடித்துக் கண்ணாடிக் குவளையில் வைத்து, அதையே வரைந்தார்.

வசந்தம் வந்ததும் பழத்தோட்டங்களுக்குப் போனார். அந்தப் பக்கத்தில் மிஸ்ட்ரால் என்றொரு முரட்டுக் காற்று வீசும். ஓவியச் சட்டத்தைத் தரையில் முளையடித்துக் கட்டிவிட்டு வரைந்தார். பூ உதிர்வதற்குள் முடிக்க வேண்டுமே! ஒரு மாத காலத்தில் 14 ஓவியங்கள். அந்த அவசரம்தான் அவர் தூரிகைக்கு வேகம் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

1890 ஜனவரி 31 அன்று தம்பி தியோவுக்கு மகன் பிறந்தான். பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள். அப்போது செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்த வான்கோ, குழந்தைக்காக நீல வானத்தில் வெள்ளைப் பாதாம் பூக்களை வரைந்தார். உடனே நோய் மீண்டும் தாக்கியது. எழுந்து பார்த்தபோது பூக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்து பொறியாளர் ஆனார். அவர் முயற்சியால் 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதாம் பூ ஓவியத்தை இன்றும் அங்கே பார்க்கலாம்.